குப்பையில் கிடந்த தீமிதி

கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் தலைவர். அது தொட்டால் வேலை செய்கிற திரை இல்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய அவருடைய கட்டைவிரல் ரேகைகள் கண்ணாடி முழுக்கப் படிந்திருந்தன.

“சரோஜா, இது செத்துப்போச்சு,” என்றார் என்னைக் கண்டதும். “மாப்ள பாத்துட்டுச் சொல்லிருச்சு.”

க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தமிழ்ச் சங்கக் கட்டடம். மாடி அறையில் ஜன்னலைத் திறந்தால் மீன் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து உள்ளே வரும். மூடினால் கமிட்டிக்காரர்களின் பேச்சு வெளியே போகாது. இரண்டில் எது மேல் என்று இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

கம்ப்யூட்டருக்குத் தலைவரின் மனைவி வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மவுஸின் இடது பொத்தானில் காய்ந்து கிடந்தது. துடைத்தால் தெய்வக் குற்றமாம். ஆகவே சங்கத்தின் காரியங்கள் எல்லாம் சந்தனத்தை அமுக்கியே நடந்தன.

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அந்தப் பிராணி உயிரோடுதான் இருந்தது. பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தால் ஒரு கணம் இருண்டது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டது.

“டோடோ, இது மயாபு,” என்றான் கோ நாயிங். தலைவரின் மாப்பிள்ளை. டோடோ என்றால் பர்மியத்தில் அத்தை, பெரியம்மா, எது வேண்டுமானாலும். மயாபு என்றால் ஆகாது. “ஃபார்மட் போட்டா யாடே. புதுசாயிடும்.” யாடே என்றால் ஆகிவிடும். எங்கள் இளைய தலைமுறையின் தமிழ் இந்த ‘ஆகாது’வுக்கும் ‘ஆகிவிடும்’முக்கும் நடுவே கட்டிய கொடியில்தான் காய்கிறது.

அவன் கம்ப்யூட்டர் டிப்ளமாக்காரன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கழுத்தில் நாடா கட்டி ஒரு பென் டிரைவைத் தொங்கவிட்டிருப்பான், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிடுகிற மாதிரி. அந்த டாக்டருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஃபார்மட். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. சாவி தொலைந்தால் வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தலைவருடைய அறுபதாம் கல்யாணப் படத்தைச் சங்க மண்டபத்தில் திரையிட வேண்டும். அதற்கு இந்த மெஷின் வேண்டும்.

அறையின் மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே மாவ்பியிலிருந்து பஸ் ஏறி வந்தவள். அவளுக்கு யாரும் ஒரு டீகூடக் கொடுக்கவில்லை. அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவள் பெயரில்லை. இந்தக் கட்டுரையில் வருகிற எந்தப் பெயரும் உண்மைப் பெயரில்லை.

அஞ்சலை கேட்டது

“அக்கா, தீமிதிக்கு எடுத்த வீடியோ இதுலதான் இருக்குன்னாங்க,” என்றாள். “எம் புள்ள அதுல இருக்கான்.”

பிள்ளையின் பெயர் முருகேசன். அது வீட்டில். வெளியில், பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டையில் அவன் ஸோ மின். எங்கள் எல்லோருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. என் அட்டையில் நான் டோ மியா மியா. அந்தப் பெண்மணியை எனக்கே அவ்வளவாகத் தெரியாது.

முருகேசன் மலேசியாவுக்குப் போய்விட்டான். எப்படிப் போனான் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்த ஊரில் இருபது வயசுப் பையன்கள் போகிற வழி எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் போன் வந்தது. பிறகு வரவில்லை. பல மாதம் கழித்து, பினாங்கு பக்கத்திலிருந்து புவனா என்கிற தமிழ்ப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். பிடிபட்டவர்களை வைத்திருக்கிற முகாமுக்குத் துணிமணியும் மருந்தும் கொண்டுபோகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். அங்கிருந்து வெளியே வந்த யாரோ அஞ்சலையின் நம்பரைக் கொடுத்திருந்தார்களாம்.

“ஸோ மின்னுன்னு பேரு சொன்னா உள்ள பல பேரு கை தூக்கறாங்களாம் அக்கா,” என்றாள் அஞ்சலை. “யாரும் கேக்காத ஆளுங்கள கப்பல்ல ஏத்தித் திருப்பி அனுப்பப் போறாங்களாம். அந்தப் பொண்ணுக்கு வியாழக்கெழம உள்ள போக அனுமதி. மூஞ்சி தெரியற மாதிரி இப்ப எடுத்த போட்டோ இருந்தா ஆளக் கண்டுபுடிச்சி, வக்கீல்கிட்ட சொல்லி நிறுத்தலாங்குது.”

திரும்பி வந்து இறங்குகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

“உன் போன்ல ஒரு படம்கூட இல்லியா?”

“கெளம்பறதுக்கு முந்தி அவனே எல்லாத்தயும் அழிச்சிட்டான். எம் போன்ல இருந்ததயும். வழியில புடிச்சி போனத் தொறந்து பாப்பாங்கன்னு.”

இதற்கும் நான் விளக்கம் கேட்கவில்லை. நாங்கள் எல்லோருமே போனை வெறுமையாக்கிக்கொண்டு தெருவில் இறங்கப் பழகியவர்கள். அவளிடம் மிச்சமிருந்தது ஏழாம் வகுப்புப் படம் ஒன்று. மீசை முளைக்காத, கொழுக்கட்டை மாதிரியான முகம். அதை வைத்துக்கொண்டு எந்த ஸோ மின்னையும் அடையாளம் காட்ட முடியாது.

“பாவந்தான்,” என்றார் தலைவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. “ஆனா மிசின் செத்துப்போச்சே, என்ன பண்றது? மாப்ள, நீ ஃபார்மட்டப் போடு.”

கோ நாயிங் கழுத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றினான்.

“அதைத் திரும்பக் கழுத்துல மாட்டு,” என்றேன்.

எலி இல்லாத காலம்

சில வாரங்களுக்கு முன்னால் நான் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்த கதையை இந்தப் பக்கத்தில் எழுதியபோது, ஒரு வாசகர், ‘அந்தக் கறுப்புத் திரையை இன்னுமா கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?’ என்று கேட்டிருந்தார். அழவில்லை ஐயா. சிரித்துக்கொண்டுதான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்த ஆபீஸில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு மவுஸ் கிடையாது. ஜன்னல் கிடையாது, படம் கிடையாது, குட்டி மஞ்சள் ஃபோல்டர் கிடையாது. கறுப்புத் திரை. அதில் துடிக்கிற ஒரு கோடு. அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று நீங்கள் எழுத வேண்டும். எழுதினால் செய்யும். ஒரு எழுத்து பிசகினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். எனக்கு அந்த நேர்மை பிடித்துப்போயிற்று. எங்கள் மேனேஜரிடம் அது இல்லை.

மழைக்காலத்தில் ஆபீஸுக்குள் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு நான் அடித்துக்கொண்டே இருப்பேன். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று கேட்க ஒரு சொல். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு சொல். அடுத்த ஃபோல்டருக்குள் நுழைய, நகல் எடுக்க, நகர்த்த, அழிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். எல்லாம் இரண்டு மூன்று எழுத்து. எங்கள் மேனேஜர் ஒரு காபிக்கு ஆர்டர் கொடுக்க எடுத்துக்கொண்ட வார்த்தைகளில் நான் ஒரு வருடத்துக் கோப்புகளை வரிசைப்படுத்திவிடுவேன்.

பிறகு மவுஸ் வந்தது. மனிதர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுட்டிக்காட்ட ஆரம்பித்தார்கள். குழந்தைகள் அப்படித்தான் கேட்கும்: அது, அது, அது. பேச்சு வராத வயசில் அது அழகு. அறுபதாம் கல்யாணம் முடிந்த பிறகும் அப்படியே என்றால் என்ன சொல்ல?

சங்கத்துக்கு இந்தப் பழைய கம்ப்யூட்டர் நன்கொடையாக வந்தபோது, வைரஸ் தொல்லை இல்லாமல் இருக்கட்டும் என்று நான்தான் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கமிட்டி நன்றித் தீர்மானம் போட்டது. தீர்மானத்தில் என் பெயருக்குப் பதிலாகத் தலைவர் பெயர் இருந்தது.

கட்டம் கட்டமாக

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்கிற நீலப் படம் போய், திரை கறுத்து, மேல் மூலையில் வெள்ளை எழுத்து ஒரு வரி வந்தது.

“ஐயோ, என்ன பண்ணிட்டே!” தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். “இருந்ததும் போச்சா?”

“போகலை தலைவரே. மேக்கப்பைத்தான் கழட்டியிருக்கேன்.”

டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டேன். துளி இடம் இல்லை என்றது. அதுதான் நோய். உள்ளே நுழைகிற போதெல்லாம் அது சின்னதாக ஒரு குறிப்பை எழுதிக்கொள்ள வேண்டும். எழுத இடமில்லாததால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. சாவு இல்லை, அஜீரணம்.

“இல்ல டோடோ,” என்றான் கோ நாயிங். “எடம் நெறைய இருக்கு. போன மாசம் நான்தான் க்ளீன் பண்ணேன். பழசெல்லாம் அழிச்சுட்டேன்.”

“பழசெல்லாம்னா?”

“பொங்கல், ஆண்டு விழா, தீமிதி…”

அஞ்சலை எழுந்து நின்றாள். அவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. தீமிதி என்பதும் அழிச்சுட்டேன் என்பதும் புரிந்திருந்தன.

“தம்பி, அழிச்சிட்டீங்களா?”

அவன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் ஜன்னலைப் பார்த்தார். “நாந்தான் சொன்னேன்,” என்றார் கடைசியில். “நம்ம ஃபங்சன் மூணு கேமரால எடுத்தது. பெரிய ஃபைலு. எடம் வேணாமா?”

நான் திரும்பிக்கொண்டேன். இல்லையென்றால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்று உறுத்தியது. இவ்வளவையும் அழித்திருந்தால் டிஸ்க் ஏன் நிரம்பி வழிகிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து விழுந்தது.

இதை விளக்க வேண்டும். பர்மிய எழுத்தை ஒரு காலத்தில் எங்கள் ஊரில் ஒரு முறையில் அடித்தார்கள். இப்போது வேறு முறையில் அடிக்கிறார்கள். இதில் எழுதியதை அதில் திறந்தால் எழுத்துகள் ஒன்றையொன்று மென்று துப்பிய மாதிரி இருக்கும். சங்கத்து ஃபைல்களில் கொஞ்சம் அந்த முறை, கொஞ்சம் இந்த முறை, மிச்சம் தமிழ். கறுப்புத் திரைக்கோ மூன்றுமே தெரியாது. அதற்கு ஆங்கில எழுத்து மட்டும்தான். மற்றதையெல்லாம் காலி ஜன்னல் மாதிரி சதுரமாகப் போட்டுவிடும்.

ஆங்கிலத்தில் இருந்தவையோ இன்னும் மோசம். ஃபைனல். ஃபைனல் டூ. ரியல் ஃபைனல். நியூ ஃபோல்டர், அதற்குள் நியூ ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. பெற்ற பிள்ளைக்கு இரண்டு பெயர் வைக்கத் தெரிந்த சமூகம் ஒரு ஃபைலுக்கு ஒரு பெயர் வைக்கத் தெரியாமல் நிற்கிறது.

பெயரை விட்டுவிட்டேன். எது எவ்வளவு கனம் என்று கேட்டேன். பெரியதை மேலே வை என்றேன்.

முதலில் வந்தது தலைவரின் விழா அல்ல. அதைவிடக் கனமாக, ஒரு புள்ளியில் தொடங்குகிற பெயருள்ள ஃபோல்டருக்குள் எதுவோ இருந்தது. புள்ளியில் தொடங்குகிற பெயர்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. மறைந்திருப்பதையும் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே ஒவ்வொரு படியாக உள்ளே இறங்கினேன். கடைசிப் படியில் இருந்தது குப்பைத்தொட்டி.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“கோ நாயிங், அழிச்சேன்னு சொன்னியே, எப்படி அழிச்சே?”

“ரைட் க்ளிக் பண்ணி டெலீட்…”

“அதுக்கப்புறம் குப்பைத்தொட்டியைக் காலி பண்ணினியா?”

அவன் முகத்தில் விளக்கெரிந்தது. பையன் வீட்டைப் பெருக்கி, குப்பையைக் கூடையில் போட்டு, கூடையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, இடம் நிறைய இருக்கிறது என்று டிப்ளமாவோடு நிற்கிறான்.

அடுத்த நிமிடம் என் சிரிப்பு அடங்கிவிட்டது. அவனுடைய இடத்தில் நான் இருந்து, தலைவர் என்னிடம் அழிக்கச் சொல்லியிருந்தால், நான் சந்தனப் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டேன். இரண்டெழுத்தில் முடித்திருப்பேன். கறுப்புத் திரைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. நிச்சயமா என்று கேட்கிற வழக்கமும் அதற்குக் கிடையாது. அந்தப் பையனின் அரைகுறைதான் தீமிதியைக் காப்பாற்றியிருந்தது. இதை அவனிடம் நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

“குப்பைதானே?”

“அப்ப எல்லாம் குப்பைதானே?” தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. “கொட்டிடு. மிசின் சரியாயிடும்ல?”

“ஐயா, எம் புள்ள அதுல இருக்கான்,” என்றாள் அஞ்சலை.

“அத எடுத்துக்கலாம்மா. ஆனா இவ்வளவு குப்பையில அந்த ஒண்ண எப்பத் தேடி எப்ப எடுக்கறது? இன்னும் கொஞ்ச நேரத்துல மீ போயிடும்.”

மீ என்றால் மின்சாரம். அது எங்கள் பேட்டைக்கு முறை வைத்து வரும், முறை வைத்துப் போகும். சொன்னவாறே தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகி நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் மூலையிலிருந்த பேட்டரியில் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கின. தலைவர் துண்டால் விசிறிக்கொண்டார்.

“தலைவரே, உங்க படம் மூணு இருக்கே. ஃபைனல், ஃபைனல் டூ, ரியல் ஃபைனல். எது படம்?”

“மூணும்தான்.”

“மூணுக்கும் என்ன வித்தியாசம்?”

“அது மாப்ளைக்குத் தெரியும்.”

இரண்டு ஃபைல்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்கிற கட்டளை ஒன்று உண்டு. வித்தியாசம் இருந்தால் எங்கே என்று சொல்லும். முதல் இரண்டையும் கொடுத்தேன். பெரிய ஃபைல், நேரம் எடுத்தது. தலைவர் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று ஆயிற்று. ஒரே படத்துக்கு இரண்டு பெயர்.

“ஒண்ணை எடுத்துட்டா மெஷின் மூச்சு விடும். குப்பையில கை வைக்க வேண்டாம்.”

“என் படத்துல கை வைக்காதே! ஒருவேள அதுல ஒரு சீன் கூட இருந்தா? மாலை மாத்தற சீன் ஒண்ணுலதான் நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்க.”

“மாமா,” என்றான் கோ நாயிங். “ரெண்டும் ஒண்ணுதான். பயந்துக்கிட்டு நான்தான் காப்பி போட்டு வெச்சேன்.”

மாமனாரை எதிர்த்து அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைவர் அவனையும் என்னையும் அஞ்சலையையும் பார்த்தார். வேர்வை கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. “என்னமோ பண்ணுங்க. ஞாயித்துக்கெழம படம் ஓடலன்னா ரெண்டு பேரும் பதில் சொல்லணும்,” என்று சொல்லிவிட்டு, ஃபேன் ஓடுகிற வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். சமூகத் தொண்டு செய்கிறவர்கள் வேர்க்கக் கூடாது.

ஒரு பிரதியை அழித்தேன். பிறகு தீமிதி ஃபோல்டரைக் குப்பையிலிருந்து வெளியே நகர்த்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஒரே டிஸ்குக்குள் நகர்த்துவது என்றால் பொருளைத் தூக்கிச் சுமப்பதில்லை. விலாசத்தை மாற்றி எழுதுவதுதான். குப்பைத்தொட்டியில் குடியிருந்தவர்கள் ஒரு வரியில் நல்ல வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மஞ்சள் முகங்கள்

நீலப் படத்துக்குத் திரும்பிப் பாஸ்வேர்ட் கொடுத்ததும் இந்த முறை உள்ளே விட்டது. ஒவ்வொரு வீடியோவிலிருந்தும் இடைவெளி விட்டுச் சில படங்களை எடுத்துத் தரும்படி கட்டளை கொடுத்தேன். அது எடுத்துக் கொட்டக் கொட்ட, அஞ்சலையை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் அம்புக்குறி விசையை அமுக்கினேன்.

எடுத்தது கோ நாயிங்தான். ஆகவே பாதி வீடியோக்களில் தலைவர் இருந்தார். தலைவர் பூசாரிக்குத் துண்டு போடுகிறார். தலைவர் குழியைப் பார்வையிடுகிறார். தலைவர் வியர்வையைத் துடைக்கிறார். அவருக்குப் பின்னால், மங்கலாக, யாரோ சிலர் நெருப்பில் நடக்கிறார்கள்.

மற்றவற்றில் பையன்கள். எல்லோரும் மஞ்சள் வேட்டி. எல்லோர் முகத்திலும் மஞ்சள் குழைத்துப் பூசி, திருநீறு அப்பி, கண் மட்டும் தெரிகிறது. தண்ணீரில் நனைந்து, புகையில் கறுத்து, ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் வித்தியாசமே இல்லை.

“இவனா?”

“இல்ல.”

“இவன்?”

“தெரியலக்கா. அவன் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு.” திரையில் படிந்திருந்த கட்டைவிரல் ரேகைகளைக் கையால் துடைத்தாள். “பெத்தவளுக்கே தெரியலன்னா அந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபுடிக்கும்?”

படங்கள் போய்க்கொண்டே இருந்தன. பேட்டரி எப்போது கைவிடுமோ என்று ஒரு கண்ணை அதன் மேல் வைத்திருந்தேன். அஞ்சலை திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய் விட்டாள்.

“நில்லுங்க.”

தீக்குழி தெரியாத ஒரு படம். கோயில் பின்பக்கம். கேமராவை அணைக்க மறந்து கோ நாயிங் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருப்பான் போலிருக்கிறது, எல்லாம் சாய்ந்து தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பையன் சொம்பை உயரத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வாயில் விழாமல் தாடையில் வழிந்தது. முகத்து மஞ்சள் கரைந்து மார்பில் ஓடியது.

“இதாங்க்கா. இவன்தான். சின்னதுலேருந்து இப்படித்தான். தூக்கிக் குடிக்கத் தெரியாது, சட்டையெல்லாம் நனைச்சிக்குவான்.”

அந்த வீடியோவை ஓடவிட்டோம். குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்துத் தலையில் மிச்சத்தை ஊற்றிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தான். மஞ்சள் போன முகம். அரும்பு மீசை. மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் தூக்கியிருந்தது. அஞ்சலை அழுவாள் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்த்து, “எளைச்சிருக்கான் பாருங்க,” என்று கோபமாகச் சொன்னாள்.

மிச்சத்தைக் கோ நாயிங் செய்தான். சிரித்த இடத்தில் நிறுத்தி, நிமிர்த்தி, முகத்தை மட்டும் வெட்டி, வெளிச்சம் கூட்டி, என்னால் அரைநாளில்கூடச் செய்ய முடியாத காரியத்தை ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் செய்து முடித்தான். மவுஸில்தான். சந்தனத்தை அமுக்கித்தான். இன்டர்நெட் விட்டு விட்டு வந்தது. அவன் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போய், சிக்னல் தேடி, புவனாவுக்கு அனுப்பிவிட்டு இறங்கி வந்தான்.

“போயிடுச்சு டோடோ. அவங்க பாத்துட்டாங்க.”

அப்போதுதான் அவன் அஞ்சலைக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்திருந்ததைக் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைவரின் படம் ஓடியது. முழுவதும் ஓடியது என்பதுதான் துயரம். மாலை மாற்றுகிற காட்சி மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை, கறுப்பு வெள்ளையில் ஒரு தடவை வந்தது. கைதட்டினோம். பிரியாணி நன்றாக இருந்தது.

பிறகு

வியாழக்கிழமை புவனா உள்ளே போனாள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாளாம். மொட்டையடித்திருந்தார்கள். மீசையும் இல்லை. பல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அவன் முதலில் பயந்து, நான் ஸோ மின் இல்லை என்றானாம். அவள் குரலைத் தாழ்த்தி, “முருகேசா,” என்றதும் உட்கார்ந்துவிட்டானாம்.

கப்பல் போனது. அவன் அதில் இல்லை. வக்கீல், மனு, அலைச்சல் என்று அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை, என் கதை அல்ல. மழை முடிந்து குளிர் வந்தபோது அவன் வெளியே வந்துவிட்டான். ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். அம்மாவோடு போனில் பேசுகிறான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அஞ்சலை மறுபடியும் சங்கத்துக்கு வந்தாள். ஒரு கட்டுப் புளிச்சக்கீரையை மேஜையில் வைத்தாள். தலைவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

“அக்கா, அந்த வீடியோவ அழிச்சிடணும்.”

எனக்குப் புரியவில்லை. “எதை?”

“எம் புள்ள தண்ணி குடிக்கறது. அவன் மூஞ்சி எங்கயும் கெடக்கக் கூடாது அக்கா. அவன் எங்கன்னு பட்டாளத்துக்காரங்க எங்க பக்கம் கேட்டுட்டு வர ஆரம்பிச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு அழிச்சிட்டேன்னு சொல்லிருச்சு. அந்தத் தம்பி போன்லயும் அழிச்சிட்டாரு. எம் போன்லயும் இல்ல. இங்க மட்டுந்தான் இருக்கு.”

“உனக்கு அவன் படம்னு இருக்கறது இது ஒண்ணுதானே?”

“அவன் இருக்கான்ல?”

இந்த ஊரில் யாரையும் எதற்கும் மட்டம் தட்டத் தயங்காத வாய் எனக்கு. அது மூடிக்கொண்டது.

“குப்பைக்குப் போறது வேற, நெசமாப் போறது வேறன்னு அன்னிக்கிப் பேசிக்கிட்டிருந்தீங்க. நெசமாப் போறது எதுவோ, அது.”

கறுப்புத் திரையைத் திறந்தேன். அந்த ஃபோல்டருக்குள் போனேன். ஃபைலின் மேல் கண்டதையும் எழுதி எழுதி, அடியில் எதுவும் மிஞ்சாமல் அழிக்கிற கட்டளை ஒன்று உண்டு. அதை அடித்தேன். வீடியோவின் பெயரையும் அன்று அதிலிருந்து எடுத்த படங்களின் பெயர்களையும் அடித்தேன். சரிதானா என்று ஒருமுறை பார்த்தேன். இன்னொருமுறை பார்த்தேன்.

“ஒரு தடவ ஓடவிடட்டுமா? பாத்துக்கறியா?”

“வேணாங்க்கா. பாத்தா மனசு மாறிடும்.”

எண்டர் விசைக்கு மேல் என் விரல் நின்றது. எத்தனையோ வருடமாக யோசிக்காமல் தட்டிய விசை. அஞ்சலை என் கையைப் பார்த்தாள்.

“எந்த பட்டன்?”

காட்டினேன். அவள் குனிந்து, ஆள்காட்டி விரலால், கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிற மாதிரி அழுத்தி, எடுக்காமல் வைத்திருந்தாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வரியில் கோடு வந்து துடித்தது.

“ஆச்சா?”

“ஆச்சு.”

“அப்ப வர்றேன். பஸ்ஸ விட்டா ஒக்கார எடம் கெடைக்காது,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.